சாட்சிக்கு விசா தேவையில்லை

2013 மார்ச். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். லயோலாவில் எட்டு மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்த செய்தி வந்ததுமே ஊர் ஊராகக் கல்லூரிகள் வெளியே வந்துவிட்டன. ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாங்களும் ஒரு ஃபிளெக்ஸ் கட்டினோம். ஒரு பக்கம் பாலச்சந்திரன். மறுபக்கம் ரத்தத்தில் கிடக்கும் ஒரு சின்னப் பெண்பிள்ளை. இரண்டாவது படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான். ஃபேஸ்புக்கில் யாரோ போட்டிருந்தது. பார்த்ததும் அழுகை வந்தது, அவ்வளவுதான் தகுதி.

அன்று சாயங்காலம் பெயிண்ட் டப்பாவோடு பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டார். எங்கள் மாவட்டத்து முகாம்களில் ஒன்றில் இருப்பவர். வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளை எங்கட பிள்ளை இல்லை."

"உங்களுக்கு எப்படிங்கண்ணா தெரியும்?"

"பின்னுக்கு நிக்கிற ட்ரக்கைப் பாரும். அங்க அப்பிடி ட்ரக் ஓடினதில்லை. எங்கட பிள்ளைகள் செத்தது காணாதெண்டோ பிறத்தியார்ர பிள்ளையையும் கொண்டுவந்து வச்சிருக்கிறியள்?"

எனக்கு முகம் செத்துப்போய்விட்டது. அவர் கோபமாகச் சொல்லவில்லை என்பதுதான் இன்னும் மோசம். பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"நான் தொண்ணூறில வந்தனான். இருபத்திமூண்டு வருஷம். எங்கயிருந்து வந்தனீ, என்ன கண்டனீ எண்டு ஒரு பத்திரிகைக்காரன் கேட்டதில்லை. கியூ பிராஞ்ச் மட்டும்தான் கேட்டவங்கள்."

பஸ் வந்தது, போய்விட்டார். நானும் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. ஈழத்துக்காகத் தமிழ்நாடு அழுதது, கத்தியது, தீக்குளிக்கவும் செய்தது. ஆனால் கேட்கவில்லை. கேட்டு, சரிபார்த்து, எழுதி வைக்கிற வேலையை நாம் யாரோ ஒரு வெள்ளைக்காரரிடம் விட்டுவிட்டோம். விட்டதுக்கு நாம் சொல்லும் காரணங்கள் எதுவும் நிற்காது என்பதுதான் என் கட்சி.

*

முதலில் அந்த வெள்ளைக்காரர். கேலம் மக்ரே, ஸ்காட்லாந்துக்காரர். சேனல் 4-இல் 2011 ஜூனில் வந்த 'இலங்கையின் கொலைக்களங்கள்' படத்தின் இயக்குநர். 2012-இல் அதன் தொடர்ச்சி, 2013-இல் 'நோ ஃபயர் ஸோன்'. பாலச்சந்திரன் பதுங்குகுழி மாதிரி ஒரு இடத்தில் உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டிருக்கும் படமும், அதன்பின் நெஞ்சில் குண்டுத் துளைகளோடு கிடக்கும் படமும் உலகத்துக்குத் தெரியவந்தது இந்தத் தொடர் படங்களுக்காக நடந்த வேலையில்தான். அவனுக்கு வயசு 12.

அந்தப் படங்களை நாம் எப்படிப் பார்த்தோம், மக்ரே எப்படிப் பார்த்தார்? நாம் பார்த்ததும் பிரிண்ட் எடுத்தோம். மக்ரேயின் குழு வேறு கேள்விகளைக் கேட்டது. இரண்டு படங்களும் ஒரே கேமராவா? எத்தனை மணி நேர இடைவெளி? காயங்கள் என்ன சொல்கின்றன? ஒரே கேமராதான், இடைவெளி சில மணி நேரம்தான் என்று கோப்பின் உள்விவரங்கள் காட்டின. டெரிக் பவுண்டர் என்ற தடயவியல் மருத்துவர் காயங்களைப் பார்த்துவிட்டு, துப்பாக்கி முனை இரண்டு மூன்று அடி தூரத்தில், அல்லது அதைவிடக் கிட்டத்தில் இருந்திருக்கலாம் என்றார். கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரம். "சண்டையில் குறுக்கே மாட்டிக்கொண்டான்" என்ற கதைக்கு இதன்பிறகு இடமில்லை. சிறுவன் பிடியில் இருந்திருக்கிறான், பிறகு கொல்லப்பட்டிருக்கிறான்.

நம்முடைய கோஷம் இந்த வேலையின் மேல்தான் நின்றது. அந்த மார்ச் 19-ஆம் தேதி திமுக மத்திய அரசிலிருந்து வெளியேறியது. 21-ஆம் தேதி ஜெனீவாவில் இலங்கை மீதான தீர்மானம் 25-க்கு 13 என்று நிறைவேறியது. இதற்கெல்லாம் ஒரு படம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் மாணவர்கள் தெருவுக்கு வந்ததில் அந்தப் படத்துக்குப் பங்கே இல்லை என்று யாராவது சொன்னால் அன்று அவர் தெருவில் இல்லை என்று அர்த்தம். அதே ஃபிளெக்ஸில் நான் வைத்த இன்னொரு படம் மட்டும் யார் கண்ணிலாவது பட்டிருந்தால், "பாரு, பொய்யைக் கலக்குறானுங்க" என்று பாலச்சந்திரனையும் சேர்த்துத் தள்ளிவிட அது போதும். பொய்ப் படம் உண்மைப் படத்துக்குத் துணை நிற்காது, அதன் கழுத்தைத்தான் அறுக்கும்.

எங்க ஊர் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டிக்கு ஒரு மூட்டை வந்தால் யாருடையது, எந்த ஊர், எத்தனை கிலோ என்று சீட்டு எழுதாமல் கேரளாவுக்கு லாரி ஏறாது. கத்தரிக்காய்க்குக் கொடுக்கிற மரியாதையை நாம் செத்தவர்களுக்குக் கொடுக்கவில்லை.

*

எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,46,679. மே மாத மேடைகளில் இந்த எண்ணைக் கேட்டிருப்பீர்கள், "கொல்லப்பட்டவர்கள்" என்ற சொல்லோடு சேர்த்து. இது எங்கிருந்து வந்தது? மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 ஜனவரியில் இலங்கை அரசு அமைத்த ஆணைக்குழுவின் முன் வைத்த கணக்கு இது. 2008 அக்டோபரில் வன்னியில் இருந்ததாக அரசு நிர்வாகமே காட்டிய மக்கள் தொகை 4,29,059. போர் முடிந்தபோது அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. கழித்துப் பாருங்கள். மீதிப் பேருக்கு என்ன ஆயிற்று என்று ஆயர் கேட்டார். அத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் கணக்கிலேயே இத்தனை பேர் காணோம், பதில் சொல்லுங்கள் என்று அரசிடமே பந்தைத் திருப்பிப் போட்டார். பதில் சொல்லவேண்டிய கடமை அரசின் தலையில் இருந்தது.

நாம் என்ன செய்தோம்? அந்தக் கேள்வியைப் பதிலாக மாற்றினோம். உடனே எதிராளிக்கு வேலை சுலபமாகிவிட்டது. ஐ.நா. நிபுணர் குழுவே 40,000 வரை இருக்கலாம் என்றுதானே 2011-இல் சொன்னது, நீங்கள் எப்படி ஒன்றரை லட்சம் என்கிறீர்கள் என்று எண்ணைப் பற்றிய சண்டையாக்கிவிட்டான். செத்தவர்கள் ஓரத்துக்குப் போய்விட்டார்கள்.

இதற்கு நேரெதிரான ஒரு உதாரணம். 2009 ஆகஸ்ட்டில் சேனல் 4 ஒரு வீடியோவை ஒளிபரப்பியது. கண்ணும் கையும் கட்டப்பட்டவர்களைப் பின்னாலிருந்து சுடும் காட்சி. நாட்டைவிட்டு ஓடவேண்டியிருந்த இலங்கைப் பத்திரிகையாளர்களின் அமைப்பு ஒன்றின் வழியாக அது வெளியே வந்தது. அதில் சிங்களவர்களும் உண்டு, இதையும் நம் மேடையில் யாரும் சொல்வதில்லை. இலங்கை அரசு போலி என்றது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் துப்பாக்கி, உடல், வீடியோ என்று மூன்று துறை நிபுணர்களிடம் கொடுத்தார். 2010 ஜனவரியில் முடிவு: வீடியோ உண்மையானதாகவே தெரிகிறது. கூடவே அவர் இன்னொன்றும் செய்தார். நிபுணர்களால் விளக்க முடியாத சில விஷயங்கள் இருந்தன. கோப்பில் பதிவாகியிருந்த தேதி உட்பட. அவற்றையும் பட்டியல் போட்டு வெளியிட்டார். சந்தேகத்தை மறைக்காததால்தான் அந்த முடிவு இன்றைக்கும் நிற்கிறது.

நம்மால் இது முடியுமா? 'நோ ஃபயர் ஸோன்' படத்தில் புலிகள் பற்றிய பகுதியும் உண்டு. மக்களைப் போகவிடாமல் வைத்திருந்தது, பிள்ளைகளைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தது எல்லாம். ஐ.நா. குழுவின் அறிக்கை தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும் சேர்த்துச் சொல்கிறது. எனக்கு வந்த, நான் அனுப்பிய துண்டு வீடியோ எதிலும் அந்தப் பகுதி இருந்ததில்லை. அதைச் சொன்னால் துரோகி. ஆனால் பாதியை விழுங்கும் சாட்சியை எந்தக் கோர்ட்டும் நம்பாது. சுட்டவன் ஒருவன், தடுத்தவன் ஒருவன், நடுவில் செத்தவர்கள் மூன்றாவது. நாம் யார் பக்கம் என்று முடிவு செய்யாதவரை இது விளங்காது.

*

இப்போது வழக்கமான பதில்கள்.

"வெள்ளைக்காரனுக்கு என்ன, அடுத்த நாட்டைக் குறை சொல்வான். அவனோட ராணுவத்தைக் கேட்பானா?" மக்ரே கேட்டார். இலங்கைக்கு முன்பே ஈராக்கில் பிரிட்டிஷ் ராணுவத்தின் மீதிருந்த புகார்களைப் படமாக எடுத்தவர் அவர். இலங்கைக்குப் பிறகு 2018-இல் பாலிமர்ஃபி பற்றி எடுத்தார். 1971 ஆகஸ்ட்டில் பெல்ஃபாஸ்ட் நகரத்தின் அந்தப் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்ட பத்துப் பேரும் முழுக்க நிரபராதிகள் என்று 2021 மே மாதம் மரண விசாரணை நீதிபதி தீர்ப்புச் சொன்னார். அவர்களில் ஒன்பது பேரைச் சுட்டது பிரிட்டிஷ் ராணுவம். ஐம்பது வருஷம் அந்தக் குடும்பங்கள் விடாமல் அலைந்தார்கள். படம் அதில் ஒரு கை கொடுத்தது. அவ்வளவே, ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

அந்தக் கேள்வியை இப்போது திருப்பிப் போடுகிறேன். நம்ம ராணுவத்தை நாம் கேட்டோமா?

1987 அக்டோபர் 21, தீபாவளி. இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்தது. டாக்டர்கள், நர்ஸ்கள், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்ட் தொடக்கத்தில் வல்வெட்டித்துறை. அங்கேயும் அறுபதுக்கும் மேல். வல்வெட்டித்துறையைப் பற்றி இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதியவர் ரீட்டா செபாஸ்டியன், அதன் கொழும்புச் செய்தியாளர். தமிழ்நாட்டிலிருந்து எத்தனை பேர் போய் விசாரித்தோம்? 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது கலைஞர் வரவேற்கப் போகவில்லை என்பதை முப்பது வருஷமாக ஒரு தரப்பு பெருமையாகவும் இன்னொரு தரப்பு குற்றமாகவும் பேசுகிறது. இறங்கி வந்தவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு நம்ம ஊர்களில்தான் இருக்கிறார்கள். எத்தனை பேரை உட்காரவைத்து, "அங்கே என்னண்ணா நடந்தது?" என்று கேட்டோம்? அவர்களுக்கும் சொல்ல இருந்திருக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்பது உட்பட.

அடுத்த பதில்: "நமக்கு யார் விசா தருவா?" மக்ரேவுக்கு மட்டும் யார் தந்தார்கள்? 2013 நவம்பரில் காமன்வெல்த் மாநாட்டைச் சாக்காக வைத்து இலங்கைக்குள் போனவரை, கிளிநொச்சி போகும் ரயிலை அநுராதபுரத்தில் கூட்டம் கூடி மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். இந்தியாவும் அவருக்கு விசா தரவில்லை. 2014 பிப்ரவரியில் நம்ம தணிக்கை வாரியம் படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. நட்பு நாட்டோடு உறவு கெட்டுப்போகுமாம். அவர் படத்தை இணையத்தில் இலவசமாகவே விட்டுவிட்டார். மலேசியாவில் இதைத் திரையிட்டதற்காக லீனா ஹென்ட்ரி என்ற பெண்ணுக்கு நாலு வருஷம் வழக்கு நடந்து, 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதம் விழுந்தது.

விசா பற்றிப் பேசும்போது சீமோர் ஹெர்ஷ் ஞாபகத்துக்கு வரவேண்டும். 1968 மார்ச் 16, வியட்நாமின் மை லாய் கிராமம். அமெரிக்கப் படை கொன்றவர்கள் 504 பேர் என்பது வியட்நாமின் கணக்கு. ஒன்றரை வருஷம் கழித்து அதை வெளியே கொண்டுவந்த ஹெர்ஷ், அந்தச் செய்திக்காக வியட்நாமுக்குப் போகவே இல்லை. எந்தப் பெரிய பத்திரிகையின் வேலையிலும் இல்லை. ஒரு வக்கீல் கொடுத்த துப்பை வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குள்ளேயே அலைந்தார். ஜார்ஜியாவில் ஒரு ராணுவ முகாமில் லெஃப்டினென்ட் காலியைத் தேடிப் பிடித்தார். இண்டியானாவில் ஒரு கிராமத்து வீட்டுக்குப் போய், அங்கே சுட்ட சிப்பாய் ஒருவனிடம் உட்கார்ந்து கேட்டார். அவன் சொன்னான். பெரிய பத்திரிகைகள் வேண்டாம் என்றதை ஒரு சின்னச் செய்தி நிறுவனம் வழியாக விற்றார். 1970-இல் புலிட்சர் பரிசு. அதே ஹெர்ஷ் பிற்காலத்தில் பெயர் சொல்லாத ஆட்களை மட்டும் நம்பி எழுதுகிறார் என்று நிறைய அடி வாங்கினார். அதுவும் நியாயம்தான். எழுதுகிறவனையும் எடை போடவேண்டும்.

நமக்கான பாடம் ஒன்று: குற்றம் கடலுக்கு அந்தப்பக்கம் நடந்தாலும் சாட்சி இந்தப்பக்கம் இருக்கலாம். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. ஒட்டன்சத்திரத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் தோட்டனூத்து. 2022-இல் முதலமைச்சர் வந்து 321 வீடுகளைத் திறந்துவைத்த இடம். 'அகதி முகாம்' என்ற பெயரை 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். நல்லது. வீடு வந்தது, பெயர் மாறியது. ஆனால் 83-இலும் 90-இலும் 2006-க்குப் பிறகும் படகேறி வந்தவர்கள் எதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்கள் என்பது அவரவர் தலைக்குள்ளேயே இருக்கிறது.

*

மூன்றாவது பதில்தான் நேர்மையானது: பயம். இதை நான் கிண்டல் பண்ணமாட்டேன். ஏனென்றால் இந்த வேலையைத் தமிழில் செய்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியும்.

பிபிசி தமிழோசைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி தந்துகொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19-ஆம் தேதி, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 ஜனவரி 2-ஆம் தேதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் செத்தார்கள். கையில் வைத்திருந்த குண்டு வெடித்தது என்றது ராணுவம். 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் உடல்களைப் படம் எடுத்தார். தலையில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் அப்பட்டமாகத் தெரிந்தது. ராணுவத்தின் கதை அந்தப் படங்களில் முடிந்துபோனது. 24-ஆம் தேதி காலையில் அவரைச் சுட்டுவிட்டார்கள். 'முறிந்த பனை' எழுதியவர்களில் ஒருவரான ராஜினி திராணகம, இந்தியப் படை செய்ததையும் புலிகள் செய்ததையும் ஒரே புத்தகத்தில் ஆவணப்படுத்தியவர். 1989 செப்டம்பர் 21-ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்டார். அவருடன் சேர்ந்து எழுதியவர்கள் கைகாட்டியது புலிகளை.

மூன்று பேருக்கும் நாம் ஃபிளெக்ஸ் கட்டியதில்லை. நிமலராஜன் படம் போட்ட டி-ஷர்ட்டை நான் பார்த்ததில்லை. துப்பாக்கி பிடித்தவர்கள் எல்லோரும் நமக்கு மனப்பாடம். கேமரா பிடித்தவர் பெயரை இப்போதுதான் சிலர் முதல்முறையாகப் படிக்கிறீர்கள்.

அவர்கள் துப்பாக்கிக்கு நடுவில் செய்தார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு நமக்கு என்ன பயம்? முகாமுக்குள் போக அனுமதி வேண்டும், கியூ பிரிவு விசாரிக்கும், உண்மை. ஆனால் அந்த மனுஷர் என்னிடம் பேசியது பஸ் ஸ்டாண்டில். முகாம்காரர்கள் நம்ம வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், நம்ம காலேஜில் கூடப் படிக்கிறார்கள். பயப்படவேண்டியது அவர்கள், குடியுரிமை இல்லாதவர்கள். அதனால்தான் பெயரை மறைத்து எழுதவேண்டும், எழுதியதை அவர்களுக்கே படித்துக்காட்டவேண்டும், வேண்டாம் என்றால் விட்டுவிடவேண்டும். பிபிசியில் இருந்த ஃபிரான்செஸ் ஹாரிசன் முள்ளிவாய்க்காலிலிருந்து தப்பியவர்களை வெளிநாடுகளில் தேடிப்போய்க் கேட்டு எழுதினார். பெயர் மாற்றவேண்டிய இடத்தில் மாற்றினார். வழி இருக்கிறது.

தமிழ்நாட்டில் யாருமே எதுவுமே செய்யவில்லை என்று சொல்லவில்லை. செய்த ஒருசிலர் தனியாகச் செய்தார்கள், நாம் படிக்கவில்லை. எட்டுக் கோடிப் பேர் வாழும் மாநிலத்துக்கு, இத்தனை நியூஸ் சேனலுக்கு, அது போதுமா?

*

2025-இல் யாழ்ப்பாணம் செம்மணியில் மறுபடி தோண்டினார்கள். 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. குழந்தைகளுடையதும் உண்டு. கிருஷாந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற சிப்பாய், அங்கே நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டிருக்கின்றன என்று 1998-இலேயே கோர்ட்டில் சொன்னான். அடுத்த வருஷம் தோண்டியபோது கிடைத்தது 15. அதோடு மூடிவிட்டார்கள். கால் நூற்றாண்டு கழிந்து மண் திறக்கும்போது, அந்தச் சொல் ஏட்டில் பதிவாகி இருந்ததால்தான் அதை எடுத்து வைத்துப் பேச முடிகிறது. எலும்பு காத்திருக்கும். சாட்சி காத்திருக்கமாட்டான், அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது.

செம்மணிச் செய்தி வந்த அன்று என் வாட்ஸ்அப்பில் ஏழெட்டுப் படங்கள் வந்தன. அதில் ஒன்று நிச்சயமாகச் செம்மணி இல்லை.

பெயிண்ட் வேலைக்குப் போன அந்த அண்ணனைத் தேடி நான் போனது 2019-இல். ஆறு வருஷம் கழித்து. அவர் அதற்கு முந்தின வருஷமே இறந்துவிட்டார். வீட்டில் அவருடைய மனைவி டீ போட்டுக் கொடுத்தார். "என்ன விஷயமா வந்தனீங்கள் தம்பி?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் எனக்கும் முழுக்கச் சொன்னதில்லை" என்றார்.

இதைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் என்னைவிட இளையவர்கள். கவிதை எழுதுகிறீர்கள், மே மாதம் வந்தால் ஈழம் பற்றி ஒரு கவிதை எழுதுவீர்கள். எழுதுங்கள். அதற்கு முன்னால் உங்கள் தாலுகாவில் முகாம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அமைதிப்படையில் இருந்த ஒரு தாத்தா உங்கள் தெருவிலேயே இருக்கலாம். ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். எந்த ஊர், என்ன தேதி, கூட யார் இருந்தார்கள், நீங்கள் கண்ணால் கண்டது எது, கேள்விப்பட்டது எது. இந்த ஐந்தையும் கேளுங்கள். கடைசிக் கேள்வியை மட்டும் இரண்டு தடவை கேளுங்கள்.